நிறுவுவதற்கு முன்: திறந்தமூல மென்பொருளும் உள்ளூர்த் திருத்தமும்

திறந்தமூலம் என்ற சொல் தமிழுக்குள் ஒரு முழக்கமாகத்தான் வந்து சேர்ந்தது. யாரும் வாசிக்கலாம், யாரும் மாற்றலாம், மாற்றியதை யாருக்கும் கொடுக்கலாம். அமைப்பியல், பின்அமைப்பியல் விவாதங்கள் வழியாக வந்தவர்களுக்கு இது உடனே பிடித்துப்போனதில் வியப்பில்லை. பிரதியின் மீது ஆசிரியனுக்கு இருந்த ஏகபோகம் தகர்கிறது, வாசகனே எழுதுபவனாகிறான். ஆனால் மாற்றிய பிரதி என்ன ஆகிறது, அது சரியாகத்தான் மாறியிருக்கிறதா, அதை எங்கே வைத்து யார் பார்ப்பது என்ற கேள்விகளை நாம் கேட்டதில்லை. இலக்கியப் பிரதியைத் தப்பாக வாசித்தால் ஒரு கட்டுரை கெட்டுப்போகும், அவ்வளவுதான். மென்பொருள் அப்படியில்லை. அது வாசிக்கப்படுகிற பிரதி மட்டுமல்ல, இயங்குகிற பிரதியும்கூட. தப்பாகத் திருத்தினால் அதன்மேல் சாய்ந்து நிற்கிற மற்றவையும் சேர்ந்து சாயும்.

பொதுமக்கள் உரிமம் என்று அறியப்படுகிற குனூ உரிமத்தை நம்மில் பலர் புகழ்ந்திருக்கிறோம். முழுக்கப் படித்தவர்கள் குறைவு. 1991இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் இரண்டு இடங்கள் முக்கியமானவை. ஒன்று, கோப்பை மாற்றுகிறவர் தாம் மாற்றியதையும் மாற்றிய தேதியையும் அந்தக் கோப்பிலேயே கண்ணில் படும்படி குறிக்க வேண்டும் என்பது. உ.வே.சா. பதிப்புகளில் அடிக்குறிப்பாக வரும் பிரதிபேதத்தை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். இரண்டு, இந்த மென்பொருளுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்பது. உத்தரவாதம் இல்லை என்ற வரியை வெறும் சட்டத் தற்காப்பாக எடுத்துக்கொண்டு தாண்டிப் போய்விடுகிறோம். மாற்றும் உரிமையைக் கொடுக்கிற அதே ஆவணம் சோதிக்கும் பொறுப்பையும் மாற்றுகிறவன் தலையில் கட்டிவிடுகிறது என்று அதை வாசிக்க வேண்டும்.

சரி, சோதிப்பது என்றால் என்ன? அச்சுத் தொழிலோடு பழகியவர்களுக்குச் சொல்வது சுலபம். மூலநிரல் என்பது கையெழுத்துப் பிரதி. அதைக் கணினி இயக்கக்கூடிய வடிவமாக மாற்றுவது எழுத்துக் கோப்பது மாதிரி. கோத்து முடித்ததை கணினியின் பொது இடத்தில், எல்லா நிரல்களும் எல்லாப் பயனர்களும் எடுத்துப் புழங்குகிற இடத்தில், கொண்டுபோய் வைப்பதற்கு நிறுவுதல் என்று பெயர். கோப்பதற்கும் நிறுவுவதற்கும் இடையில் ஒரு இடைவெளி இருக்கிறது. மெய்ப்பு பார்க்கிற நேரம் அது. லினக்ஸ் போன்ற அமைப்புகளில் இந்த இடைவெளியைத் தெரிந்தேதான் விட்டு வைத்திருக்கிறார்கள். நிரலைத் தன் சொந்த அடைவுக்குள் வைத்துக் கோக்கலாம், அங்கேயே ஓட்டலாம், உடைக்கலாம், மறுபடி கோக்கலாம். இதற்கெல்லாம் யாருடைய அனுமதியும் வேண்டாம். பொது இடத்தில் வைக்கிறபோதுதான் 'ரூட்' எனப்படும் மேலாளர் கடவுச்சொல்லைக் கேட்கும். நிறுவுதல் என்ற வினையும் நிறுவனம் என்ற பெயரும் தமிழில் ஒரே வேரில் நிற்பது தற்செயல்தான் என்றாலும், பொருத்தமான தற்செயல். நிறுவும்வரை அது உன் பிரதி. நிறுவியபின் அது அதிகாரம்.

இந்த இடைவெளியைச் சரியாகப் பயன்படுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு திறந்தமூல வரலாற்றிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. டெபியன் என்பது உலகெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்குகிற லினக்ஸ் வழங்கல். மற்றவர்கள் எழுதிய நிரல்களை வாங்கி, தங்கள் அமைப்புக்கு ஏற்றபடி உள்ளூர்த் திருத்தங்கள் செய்து, பொதியாக்கித் தருவது அவர்கள் வேலை. 2006இல் அங்கே ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையீட்டு நிரலில் ஒரு திருத்தம் நடந்தது. பிழை கண்டுபிடிக்கும் கருவி ஒன்று இரண்டு வரிகளைச் சுட்டிக்காட்டி, மதிப்பு ஏற்றப்படாத நினைவகத்தை இவை பயன்படுத்துகின்றன என்று முறையிட்டுக்கொண்டிருந்தது. பராமரிப்பாளர் மூல ஆசிரியர் குழுவிடம் கேட்டார். தெளிவான மறுப்பு எதுவும் வரவில்லை. இரண்டு வரிகளையும் செயலிழக்கச் செய்தார். முறையீடு நின்றது. நிரல் ஓடியது, சாவிகள் உருவாயின, எல்லாம் நன்றாக இருந்தது.

ஆனால் அந்த வரிகளில் ஒன்றுதான், யாராலும் ஊகிக்க முடியாத எண்களைச் சாவி செய்யும் கலவைக்குள் கொட்டிக்கொண்டிருந்த வரி. அது போனபின் கலவையில் மிஞ்சியது நிரலின் ஓட்ட எண் மட்டும். அந்த எண்ணுக்கு இருந்த உச்ச வரம்பு 32,768. அதாவது, ஒரு வகைக் கணினியில், ஒரு குறிப்பிட்ட அளவில், உலகத்தில் யார் சாவி செய்தாலும் அது அந்த முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒன்றாகத்தான் இருக்கும். திருடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம். 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ என்ற டெபியன் உருவாக்குநர் கண்டுபிடிக்கிறவரை, ஏறத்தாழ இருபது மாதங்கள், இது யார் கண்ணிலும் படவில்லை. டெபியனை அடியொற்றிய உபுண்டுவும் இதில் மாட்டிக்கொண்டது. உலகம் முழுக்கச் சாவிகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டமில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்த சரக்கு. பூட்டைச் சோதிக்கிறபோது அதன் சாவி அதைத் திறக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதுமா? இன்னொரு பூட்டின் சாவி இதைத் திறக்கிறதா என்றும் பார்க்கணும். டெபியன் விஷயத்தில் முதல் கேள்வி கேட்கப்பட்டது, இரண்டாவது கேட்கப்படவில்லை. 'ஓடுதே, அப்புறம் என்ன?' என்பது சோதனை ஆகாது. திருத்தத்தால் எது கெடக்கூடும் என்று கற்பனை செய்து, அந்தக் கேட்டைத் தேடிப் போவதுதான் சோதனை. அந்த விதத்தில் இது விமர்சனத்துக்கு நெருங்கிய உறவு.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். ஆத்தூரில் ஒரு வாசகர் வட்டம் தன்னிடமுள்ள நூல்களுக்குக் கணினியில் பட்டியல் போடுவதாக வைத்துக்கொள்வோம். எங்கோ ஒரு நாட்டில் யாரோ எழுதிய, சிறிய, திறந்தமூலப் பட்டியல் நிரல். தமிழில் தட்டினால் ஏறுகிறது. ஆனால் அகரவரிசை கேட்டால் 'அன்பு' முதலிலும் 'அம்மா' பிறகும் வருகிறது. 'பகல்' முன்னால், 'பக்கம்' பின்னால். நம் அகராதி மரபில் இரண்டுமே தலைகீழ். ம-வுக்குப் பிறகுதான் ன வரும். புள்ளி பெற்ற க், உயிரேறிய க-வுக்கு முந்தியது.

ஏன் இப்படி? யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு. ன-வின் எண் 2985, ம-வின் எண் 2990. நிரல் எண்ணைப் பார்த்து அடுக்குகிறது. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்றால், இந்திய அரசின் இஸ்கி தரத்திலிருந்து. தேவநாகரியை அச்சாக வைத்து எல்லா இந்திய எழுத்துகளையும் அதன் கட்டங்களுக்குள் அமர்த்திய தரம் அது. ந-வுக்கு அடுத்த கட்டத்தில் ன, ர-வுக்கு அடுத்து ற, ள-வுக்கு அடுத்து ழ என்று தமிழுக்கே உரியவை ஒட்டுத் திண்ணையில் உட்காரவைக்கப்பட்டன. தமிழில் இல்லாத வல்லொலிகளின் கட்டங்கள் காலியாகக் கிடக்கின்றன. 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பு இந்த வரைபடத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. இதை வைத்து மேடையில் முழங்க நிறைய இருக்கிறது, முழங்கியும் இருக்கிறார்கள். என் அபிப்ராயத்தில் அந்தக் கோபத்தில் பாதி இடம் மாறிய கோபம். எழுத்துக்கு எண் கொடுப்பது வேறு, அகரவரிசை செய்வது வேறு. வரிசைக்குத் தனி விதிக் கோப்பு எழுதிக்கொள்ள யூனிகோடே இடம் வைத்திருக்கிறது. லினக்ஸின் அடிப்படை நூலகத்தில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி வட்டாரக் கோப்புகள் உள்ளன. நம் பட்டியல் நிரல் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் கோளாறு. அதைத் திருத்தலாம்.

திருத்துவதற்கு முன் ஒரு காரியம். 'அம்மா, அன்பு', 'பக்கம், பகல்' என்று ஜோடிகளை எழுதி, இதில் முன்னது முன்னால் வரவேண்டும் என்று எதிர்பார்க்கிற ஒரு குட்டிச் சோதனை நிரலை முதலில் செய்துகொள்ள வேண்டும். அதைத் திருத்தாத மூலத்தின்மேல் ஓட்டினால் தோற்க வேண்டும். தோற்காவிட்டால் சோதனையே தப்பு என்று அர்த்தம். நோயைக் காட்டாத கருவியால் குணமானதையும் காட்ட முடியாது. பிறகு திருத்தி, கோத்து, மறுபடி ஓட்டினால் ஜெயிக்க வேண்டும். அதோடு நிறுத்தக்கூடாது. மூல ஆசிரியர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் சோதனைகள் பெரும்பாலான நிரல்களோடு சேர்ந்தே வரும். அவற்றையும் முழுக்க ஓட்ட வேண்டும். தமிழைச் சரிசெய்யப் போய் ஆங்கிலப் பட்டியலைக் குலைத்துவிட்டால் நம் திருத்தத்தை யாரும் வாங்க மாட்டார்கள், வாங்கவும் கூடாது.

அடுத்தது நிரலை அதன் கோத்த இடத்திலிருந்தே இயக்கிப் பார்ப்பது. இங்கே ஒரு பொறி உண்டு. கணினியில் பழைய நிரலும் நிறுவப்பட்டிருக்கும். பெயரை மட்டும் சொல்லி அழைத்தால் பெரும்பாலும் பழையதுதான் எழுந்து வரும். நாம் புதியதைச் சோதிப்பதாக நினைத்து மகிழ்ந்துகொண்டிருப்போம். முழுப் பாதையையும் சொல்லி அழைக்க வேண்டும். புதிய நிரல் பழைய துணை நூலகத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வட்டாரக் கோப்பையே திருத்துவதானாலும் வழி இருக்கிறது. திருத்திய கோப்பைத் தனி அடைவில் தொகுத்து, சூழல்மாறி ஒன்றின் மூலம், 'இந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் இங்கே பார்' என்று சொல்ல முடியும். மற்ற எதுவும் அசையாது.

தரவு? நூல் பட்டியலின் நகலைத்தான் சோதனைக்குக் கொடுக்க வேண்டும், மூலத்தை ஒருபோதும் கொடுக்கக்கூடாது. இது அதீத பயம் இல்லை. 2018இல் லினக்ஸின் அடிப்படை நூலகம் தன் 2.28ஆம் பதிப்பில் உலக மொழிகளின் வரிசை விதிகளைப் பெரிய அளவில் புதுப்பித்தது. நல்ல காரியம்தான். ஆனால் போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள் பழைய வரிசைப்படி அட்டவணை கட்டி வைத்திருந்தன. விதி மாறியதும், இருக்கிற சொல்லைத் தேடினால் 'இல்லை' என்று பதில் வர ஆரம்பித்தது. அட்டவணையைத் திரும்பக் கட்டுகிறவரை அந்தக் கோளாறு தீராது. புத்தகம் அலமாரியில் இருக்கிறது, பட்டியல் இல்லை என்கிறது. வரிசையைத் தொட்டால் தேடலும் ஆடும் என்பதை நம் சோதனைகளுக்குள் எழுதிச் சேர்க்க வேண்டும்.

தேடல் என்றதும் மௌனி ஞாபகம் வருகிறார். மௌனி என்ற பெயரில் உள்ள மௌ, ம-வும் ஔகாரக் குறியும். ஆனால் நம் ஆட்களில் பலர் அவசரத்தில் எகரக் குறி போட்டு ள-வைத் தட்டி 'மெளனி' என்று ஏற்றிவிடுகிறார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே. கணினிக்கு இரண்டு வேறு ஆட்கள். ஒருவரைத் தேடினால் மற்றவர் வர மாட்டார். இதுபோலவே ஒகரக் குறியை ஒரே குறியாகவும் ஏற்றலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் ஏற்றலாம். இந்த இரண்டும் சமம் என்று யூனிகோடு அறிவித்திருக்கிறது; நம் நிரல் அதை மதிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஔகாரமும் ள-வும் சமம் என்று எந்தத் தரமும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அது நம் கைப்பழக்கத்தின் வரலாறு. அதைத் தெரிந்தவன் இங்கே இருக்கிறவன்தான். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் பள்ளிப் பிள்ளை மூன்று என்று சொல்லும். பல கணினி மொழிகள் ஐந்து என்று சொல்லும். குறிகளையும் புள்ளியையும் தனியாக எண்ணுவதால். தலைப்பை இருபது எழுத்தோடு வெட்டிக் காட்டுகிற நிரல் புள்ளியை வெட்டிவிட்டு மெய்யை உயிர்மெய்யாக்கிவிடும். பிரதியின் மீது நடக்கிற இந்தச் சின்ன வன்முறையைப் பிடிக்கிற சோதனையை ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் எழுத நினைக்கவே மாட்டார். அவர் மொழியில் அது நடப்பதில்லை.

இதே கதைதான் மொழிபெயர்ப்பிலும். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து கேடிஇ, க்னோம் போன்ற மேசைச் சூழல்களைத் தன்னார்வலர்கள் தமிழாக்கி வந்திருக்கிறார்கள். நிரலில் தெரியும் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு கோப்பில் இருக்கும். எதிரே தமிழை எழுத வேண்டும். '5 நூல்கள் திண்டுக்கல்லுக்கு அனுப்பப்பட்டன' என்ற வாக்கியத்தில் எண்ணுக்கும் ஊருக்கும் வெற்றிடம் விட்டு, ஒரு சதவீதக் குறி போட்டு வைத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் எண் முதலில், ஊர் பின்னால். தமிழில் 'திண்டுக்கல்லுக்கு 5 நூல்கள்' என்று ஊரை முன்னால் வைத்தால்தான் காதுக்கு இயல்பு. மொழிபெயர்ப்பாளர் நல்லெண்ணத்தோடு இரண்டு குறிகளையும் இடம் மாற்றிவிட்டால், சொல் வரவேண்டிய இடத்தில் எண்ணைப் பெற்ற நிரல் அந்த எண்ணை நினைவக முகவரியாக எடுத்துக்கொண்டு அங்கே போய்ப் பார்த்து விழுந்துவிடலாம். தமிழின் சொற்றொடர் அமைப்பே நிரலைக் கவிழ்க்கும் குற்றமாகிவிடுகிறது. பரிகாரம் உண்டு. குறிக்குள் வரிசை எண் போட்டு, 'இரண்டாவது முன்னால் வரட்டும்' என்று சொல்லலாம். மொழிபெயர்ப்புக் கோப்பைத் தொகுக்கும் கருவிக்குச் சரிபார்க்கும்படி ஒரு கட்டளை கொடுத்தால் இந்தக் குளறுபடியை நிறுவுவதற்கு முன்பே சொல்லிவிடும். ஒரு நிமிட வேலை.

கருவியால் பிடிக்க முடியாதது வேற்றுமை உருபு. வெற்றிடத்துக்குப் பின்னால் 'இல்' என்று ஒட்டிவிட்டால் கருவி சரி என்று கையெழுத்துப் போட்டுவிடும். ஓட்டிப் பாருங்கள்: 'திண்டுக்கல்இல்', 'சின்னாளபட்டிஇல்', 'ஒட்டன்சத்திரம்இல்'. திண்டுக்கல்லில், சின்னாளபட்டியில், ஒட்டன்சத்திரத்தில், வத்தலக்குண்டில் என்று ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதமாகப் புணர்கிறது. இந்த மாவட்டத்தின் பேருந்துப் பலகைகளை வரிசையாக எழுதினாலே நன்னூலின் பாதிப் புணர்ச்சிக்குச் சோதனைத் தரவு கிடைத்துவிடும். தீர்வு, வாக்கியத்தையே மாற்றி 'இடம்: திண்டுக்கல்' என்று எழுதுவதாகவும் இருக்கலாம், உருபு சேர்க்கிற சிறு நிரலை எழுதுவதாகவும் இருக்கலாம். எதுவானாலும் திரையில் ஓடவிட்டு ஒரு தமிழ் வாசகர் பார்த்தாகணும். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குக் கணினியில் என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவும் செய்து நிறுவியாயிற்று. மூன்று மாதம் கழித்து கணினி தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது. 'அன்பு' மறுபடி முன்னால் வந்து நிற்கிறது. நம் திருத்தம் போய்விட்டது. மையத்திலிருந்து வரும் புதிய பதிப்பு உள்ளூர்த் திருத்தத்தை மேலெழுதிவிடும். அதற்கு நம்மேல் வன்மம் ஒன்றும் இல்லை, நாம் இருப்பதே அதற்குத் தெரியாது. உள்ளூரில் கோத்தவற்றுக்கென்று லினக்ஸில் தனி அடைவு ஒதுக்கப்பட்டிருக்கிறது; அங்கே வைத்தால் மேலெழுதப்படாது. பொதியைப் புதுப்பிக்காதே என்று பிடித்து வைக்கவும் முடியும். ஆனால் பிடித்து வைத்த பொதிக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் வராது. டெபியன் கதையில் 2008 மே மாதத்துத் திருத்தத்தை வாங்காமல் பிடித்து வைத்திருந்தவன் நிலை என்ன?

நம் செயல்பாட்டாளர்களிடம் ஒரு மயக்கம் உண்டு: நமக்கென்று தனித் தமிழ்ப் பதிப்பு ஒன்றைப் பிரித்துக்கொண்டு போய்விட்டால் விடுதலை என்று. பிரியலாம், உரிமம் தடுக்காது. ஆனால் பிரிந்த நாளிலிருந்து மூலத்தில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் இழுத்து வந்து சேர்த்துச் சோதிக்க ஆள் வேண்டும், ஆண்டுக் கணக்கில். சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடியொற்றியது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு அதுவும் மாணவர்கள் கைக்கு வந்தது. 'விலையில்லா' என்ற சொல்லைப் பற்றி நாம் எவ்வளவோ பேசினோம். அந்தப் பெட்டிக்குள் மாற்றக்கூடிய ஒரு மூலமும் வந்து இறங்கியதைப் பற்றிச் சிறுபத்திரிகைகள் போதுமான அளவு பேசவில்லை. பெரிய அமைப்பு செய்தாலும் சிறிய வட்டம் செய்தாலும் கணக்கு ஒன்றுதான். திருத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் அது அடுத்த அலையில் போய்விடும். திருத்தத்தோடு அதன் சோதனையையும் சேர்த்து மூல ஆசிரியர்களுக்கு அனுப்பி, அவர்கள் ஏற்றுக்கொண்டால், அதன்பின் உலகத்தில் எவர் அந்த நிரலில் கைவைத்தாலும் 'அம்மா' 'அன்பு'க்கு முன்னால் வருகிறதா என்று அந்தச் சோதனை கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்கிறவர் தமிழ் அறியாதவராக இருந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும். விளிம்பு மையத்துக்குள் நுழைவது பற்றி நாம் எழுதிய கட்டுரைகளைவிட இது சற்று உறுதியான நுழைவு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் சோதனை எழுதுகிறவன் கையில் ஒரு அதிகாரம் சேர்ந்துவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 'ஜன்னல்' எங்கே வரணும்? கிரந்த எழுத்துகள் ன-வுக்குப் பிறகு, கடைசியில் என்பது இன்று பரவலான ஏற்பாடு. அப்படியானால் 'ஜன்னல்' என்று ஏற்றியவரின் நூல் பட்டியலின் வாலில். 'சன்னல்' என்று ஏற்றியவருடையது நடுவில். எண்ணை மட்டும் பார்க்கிற வரிசையிலோ ஜ, ச-வுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. க்ஷ ஒரு தனி எழுத்தா, க்-கும் ஷ-வுமா? ஆய்த எழுத்து உயிர்களுக்குப் பின்னா, வேறெங்காவதா? மொழி அரசியலின் நூறு வருஷச் சண்டையை ஒரு ஜோடிச் சொல்லில் எழுதி, 'இது முன்னால், அது பின்னால், இல்லாவிட்டால் தோல்வி' என்று கணினியிடம் கொடுத்துவிடுகிறோம். அங்கே அடிக்குறிப்புக்கு இடம் இருக்கிறது. சோதனைக் கோப்பின் தலையில் எத்தனை வரி வேண்டுமானாலும் விளக்கம் எழுதலாம், கணினி அதைத் தாண்டிப் போய்விடும். எந்த அகராதி மரபைப் பின்பற்றினோம், எந்த எழுத்தில் கருத்து வேறுபாடு உண்டு, யார் எப்போது முடிவு செய்தார்கள் என்பதை அங்கே தமிழில் எழுதி வைக்கலாம். வாசகர் வட்டம் கூடுகிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அந்த ஜோடிகளை உரக்க வாசித்து விவாதிக்கலாம். முப்பது ஜோடிகள் இருந்தால் ஒரு மாலைக்குப் போதும். ஜ-வுக்கு மட்டும் தனி மாலை வேண்டியிருக்கும்.